கேட் தாண்டியதும் ஏறும் முள்

எனக்கு இடது காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். விருதுநகரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். மீதிப் பேர், "என்ன அண்ணாச்சி, வெடிச் சத்தத்துல போயிருச்சோ?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். ஆனால் காது போனது நான் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே. யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் எஞ்சின்களை மேடையில் ஏற்றி முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கொட்டகையில் என்னை நிறுத்தியிருந்தார்கள். யுத்தம் முடிந்து வெளியே வந்தபோது கையில் எலெக்ட்ரிக் வேலையும் வலது காதும் மிச்சம் இருந்தன.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் விருதுநகரில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போகும் ரோட்டில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, லாரி பஸ்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், லைட்டு, ஹாரன், மீட்டர் எல்லாம் பார்ப்பேன். ஷெட்டுக்குப் பின்னாலேயே படுக்க ஓர் அறை. பக்கத்தில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. காது போனவனுக்கு மூக்குதான் பாதி வேலை பார்க்க வேண்டும். கருகிய ரப்பருக்கு ஒரு வாடை, சுட்ட வார்னிஷுக்கு வேறு வாடை. மூடியைத் திறந்ததும் எங்கே பழுது என்று மூக்கு சொல்லிவிடும். ஆனால் மூட்டை மூட்டையாக வத்தல் வந்து இறங்கும் மாதங்களில் தும்மித் தும்மி அந்த மூக்கும் விடுப்பு எடுத்துக்கொள்ளும். கிட்டங்கிக்காரரைத் திட்டுவேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்காது. அதனால் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் மீது சள்ளென்று விழுந்ததில் கேட்பது நின்றுபோயிற்று. ஒரே அக்காள், திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், பிரசங்கம் காதில் விழட்டும் என்று முதல் பெஞ்சில் போய் உட்காருவேன். முதல் பெஞ்சில் உட்கார யாருக்கும் ஆசை இருக்காது. ஆகவே அந்த நீளப் பெஞ்சு முழுவதும் எனக்குத்தான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "நல்லா இருக்கீகளா?" என்று கேட்பார்கள். நான் வலது காதைத் திருப்புவதற்குள் அடுத்தவரிடம் போயிருப்பார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்வது எவருக்கும் சலிப்புதான். ரெண்டாம் தடவை சொல்லும்போதே முகம் மாறிவிடும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நானும், "என்னது?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். வாரக்கணக்கில் "சரி", "நாளைக்கு வா", "ஆச்சு" என்ற வார்த்தைகளிலேயே என் வண்டி ஓடிவிடும்.

இந்த நிலையில்தான் அந்த டிரைவர் வந்தான்.

ஏழாயிரம்பண்ணைக்காரன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியின் லாரியை ஓட்டினான். கட்டுக்கட்டாகப் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து விருதுநகர் கூட்ஸ் ஷெட்டில் இறக்குவது அவன் வேலை. பட்டாளம் ஏலத்தில் விட்ட பழைய லாரி அது. எஞ்சின் போடும் கூச்சலில் பக்கத்து சீட்டுக்காரனோடு பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு. வருஷக்கணக்காக அப்படிக் கத்திக் கத்தி, கீழே இறங்கிய பிறகும் அவனுக்கு அதே தொண்டைதான். "அண்ணாச்சி! சூட்டு முள்ளு சும்மா சும்மா ஏறுது! என்னன்னு பாருங்க!" என்று அவன் முதல் நாள் வாசலில் நின்று சொன்னது, ஷெட்டின் கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது. கிட்டங்கியிலிருந்து இரண்டு பேர் சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டான். சொம்பை எடுத்ததும் இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு குனிந்தான். எங்கே பழகிய பழக்கம் என்று எனக்குத் தெரியும். "டம்ளரை எடுத்துக் குடிப்பா. இங்கன கழுவி வைக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன், எனக்குச் சோலி குறைவு" என்றேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அவனே எடுத்துக் குடித்துவிட்டு அவனே கழுவி வைப்பான்.

அந்தச் சூட்டு முள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று டிரைவருக்குக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. எஞ்சின் தலையில் கட்டைவிரல் அளவு பித்தளைக் குமிழ் ஒன்றைத் திருகியிருப்பார்கள். அதற்குத்தான் சூடு தெரியும். அதிலிருந்து ஒரே ஓர் ஒயர் டிரைவர் முகத்துக்கு எதிரே உள்ள மீட்டருக்கு வரும். குமிழுக்குத் தெரிந்ததை அந்த ஒயர் கொண்டுவந்து முள்ளிடம் சொல்லும். வழியில் ஒயரின் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் செம்பு எஞ்சினைத் தொட்டுவிட்டால் போதும், முள் ஒரேயடியாகச் சிவப்புக்குப் போய்விடும். தண்ணீர் குளிர்ந்தே இருக்கும், முள் மட்டும் கொதிக்கிறது என்று சொல்லும்.

மற்ற லாரி என்றால் டிரைவர் அந்த முள்ளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போவான். இது பட்டாசு லோடு. எஞ்சின் சூடு என்று முள் காட்டினால் வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும், ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. அவனும் அப்படியே செய்தான். விசித்திரம் என்னவென்றால், திருத்தங்கல் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும்தான் முள் ஏறும். அங்கே ரோட்டோரம் ஒரு புளியமரம். அதன் அடியில் வண்டி நிற்கும். ஆறிய பிறகு எடுத்தால் முள் சொன்னபடி கேட்கும். கூட்ஸ் ஷெட்டில் லோடு இறக்கிவிட்டு என்னிடம் வரும்போது நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும். நான் குமிழை மாற்றினேன், மீட்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஒயரில் தோல் தேய்ந்த இடங்களில் டேப் சுற்றினேன். அடுத்த லோடுக்கு மறுபடியும் புளியமரத்தடி.

அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவன் வருவான். எஞ்சின் ஆறும்வரை ரோட்டுக் கடையிலிருந்து டீ வாங்கிவந்து குடிப்போம். அவன் பேசிக்கொண்டே இருப்பான். பொண்டாட்டி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போவது, கைக்குழந்தைக்குப் பல் முளைத்தது, மாமியார் பேச்சு வார்த்தை இல்லாமல் மூன்று தெரு தள்ளிக் கோபித்துக்கொண்டு போனது எல்லாம் சொல்வான். நான், "என்னது?" என்று கேட்க வேண்டியதே இல்லை. அவன் வரும் நாளை நான் எதிர்பார்க்க ஆரம்பித்தேன். லோடு நாள் என்றால் காலையிலேயே டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பேன். பழுதைக் கண்டுபிடிக்க முடியாத எரிச்சல் ஒரு பக்கம். அவன் லாரி வாசலில் திரும்பும்போது வரும் சந்தோஷம் இன்னொரு பக்கம். இரண்டும் எனக்கு நன்றாகவே தெரியும். பழுது பார்ப்பவன் தொழிலே அப்படி. வேலை சுத்தமாக இருந்தால் வந்தவன் மறுபடி வரமாட்டான்.

தீபாவளி சீசன் நெருங்கியது. ஒரு நாள் அவன் வந்தபோது குரல் இறங்கியிருந்தது. நான் காதைத் திருப்ப வேண்டியிருந்தது.

"மொதலாளி கூப்பிட்டு விட்டாரு அண்ணாச்சி. 'அந்தப் புளியமரத்தடியில ஒனக்கு என்னலே சோலி? தெனமும் அங்கன போயி வண்டி நிக்குது. கொட்டாவி விட்டுக்கிட்டுப் படுத்துக் கெடக்கியாமே. இன்னொரு வாட்டி அங்கன நின்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு'ன்னுட்டாரு."

"முள் ஏறுறதைச் சொல்லலையா?"

"சொன்னேன். விருதுநகர் மேஸ்திரி பாத்துட்டு நல்லாத்தான இருக்குன்னாரு, அப்புறம் என்னன்னு கேக்காரு."

அந்த மேஸ்திரி நான்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். ஆறின எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது என்று அப்போதுதான் உறைத்தது. "அடுத்த லோடு என்னைக்கு?" என்று கேட்டேன். அவன் சொன்ன நாளில் ஷெட்டைப் பூட்டிவிட்டு, காலை பஸ்ஸில் சிவகாசி போய், அங்கிருந்து நாரணாபுரம் போனேன்.

கம்பெனி வாசலில் காவல்காரர் என் மடியைத் தடவித் தீப்பெட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே விட்டார். வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து தாளைச் சுருட்டிப் பசை தடவி வெடிக்கு வேண்டிய குழாய்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் எதற்கும் தாளும் பசையும்தான் மருந்து. ஜன்னல் ஆடினால் தாளை மடித்துச் செருகுவார்கள், பானை கசிந்தால் தாளை ஒட்டுவார்கள், சைக்கிள் கைப்பிடி வழுக்கினால் அதற்கும் ஒரு தாள் குழாய். லோடு ஏறும்வரை நான் தள்ளியே நின்றேன்.

புறப்பட்டோம். நான் அவனுக்கு இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், என் வலது காது நேராக அவன் பக்கம் இருந்தது. கோவிலில், ஹோட்டலில், கடையில் எங்கே போனாலும் எந்தப் பக்கம் உட்காருவது என்று நான் இடம் தேடி அலைகிறவன். இங்கே கேட்காமலே அந்த இடம் அமைந்திருந்தது. அவன் கத்தினான், நானும் கத்தினேன். வெயிலில் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. எனக்கு வெட்கத்தை விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

"எங்க அய்யா ஊரான் காட்டுல நின்னுக்கிட்டே வேலை செஞ்சவரு" என்றான் அவன். "எங்க ஆத்தாளும் அப்பிடித்தான். களையெடுக்கக் குனிஞ்சா சாயங்காலம்தான் நிமிரும். எங்க வீட்டுல உக்காந்து சம்பாதிக்கிற மொத ஆளு நாந்தான் அண்ணாச்சி. முதுகு சாய்க்கிறதுக்குப் பலகை வச்ச சீட்டு. இது போச்சுன்னா நான் திரும்பக் காட்டுல போயி நிக்கணும்."

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நடுவில் ஆடாமல் நின்றது.

திருத்தங்கல் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வர வேண்டும். எங்களுக்கு முன்னால் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கேட் எந்த நிமிஷமும் திறக்கலாம், பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள் என்று அவன் எஞ்சினை ஓடவிட்டபடியே நின்றான். காற்று துளி இல்லை. கால் வைக்கும் பலகை வழியாகச் சூடு மேலே ஏறி என் செருப்பில் உறைத்தது. ஓடும்போது முன்பக்கத்திலிருந்து காற்று வந்து எல்லாவற்றையும் ஆற்றிக்கொண்டே இருக்கும். நின்றால் சூடு போக இடமில்லாமல் உள்ளேயே சேரும். ஒவ்வொரு லோடுக்கும் இந்த கேட்டில்தான் நிற்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் அர்த்தமாயிற்று.

கேட் திறந்தது. கொஞ்ச தூரம் போனோம். புளியமரம் தெரிந்தது. முள் ஒரு துள்ளுத் துள்ளிச் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று அவன் அலறினான். பாவம், அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வண்டி நிற்பதற்குள் நான் குதித்து மூடியைத் தூக்கினேன். மூக்கில் முதலில் ரப்பர் வாடை. அதற்கு மேல் இன்னொரு வாடை, தாள் கருகும் வாடை. என் வண்டியில், அதாவது நான் பார்த்த வண்டியில், தாளுக்கு வேலையே இல்லை. குனிந்து பார்த்தேன். ஒயர் இறங்கிவரும் இடத்தில், புகைக் குழாயை ஒட்டி, ஒயருக்குச் சட்டை போட்ட மாதிரி ஒரு வெடிக்குழாய் மாட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் பெண்கள் உருட்டிக்கொண்டிருந்த அதே குழாய்தான். பசை தடவி அழகாக ஒட்டியிருந்தது. அதன் ஓரம் கறுத்து, கறுப்பின் விளிம்பில் கடுகளவு சிவப்பு கனன்றுகொண்டிருந்தது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் லாரி நிறையப் பட்டாசு.

யோசிக்க நேரம் இல்லை. இரண்டு விரலால் அந்தச் சிவப்பைக் கிள்ளி நசுக்கினேன். குழாயைப் பிய்த்து மண்ணில் போட்டு மிதித்தேன். விரல் நுனித் தோல் குழாயோடு போய்விட்டது. வலி பிறகுதான் தெரிந்தது.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? எஞ்சின்ல போயி தாளச் சுத்துவாகளா? பின்னால என்ன கெடக்குன்னு தெரியுமா தெரியாதா?" என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன மாடுகள் மிரண்டன. முந்தின நாள் சாயங்காலம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்ற பேச்சின் பயத்தில், ஒயர் எங்கேயும் உரசக் கூடாது என்று தானே மாட்டியதாகப் பிறகு சொன்னான். பிறந்ததிலிருந்து எதற்கும் தாளும் பசையும் பார்த்தவன் வேறு எதைத் தேடுவான்? அவன் மிதிபட்ட குழாயைப் பார்த்தபடி நின்றான். உதடு அசைந்தது. சத்தமே வரவில்லை. கைக்குழந்தைக்காரன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. என் கோபம் பாதியில் நின்றுபோயிற்று.

ஆறும்வரை காத்திருந்தோம். இந்த முறை நான் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒயரின் அடிப்பக்கம் தோல் வெந்து பிளந்திருந்தது. சூட்டில் இளகித் தொங்கும்போது பிளவு வாய் திறந்து செம்பு இரும்பைத் தொடும். ஆறினால் இறுகி வாய் மூடிக்கொள்ளும். வெந்ததற்குக் காரணம் புகைக் குழாய். பொதுவாக லாரிகளுக்குச் சைலன்சர் பின்னால்தான் போகும். பட்டாசு ஏற்றும் வண்டிகளுக்கு மட்டும், புகையில் வரும் பொறி லோடு பக்கம் விழக் கூடாது என்று, அதை வளைத்து முன்னால் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நானும் அந்தக் குழாயை எத்தனையோ தடவை தாண்டிப் போய் வேலை பார்த்திருக்கிறேன். பின்னால் இருக்கும் லோடைக் காப்பாற்ற முன்னால் கொண்டுவந்த குழாய், ஒயர் போகும் வழியை அடுப்பாக்கியிருந்தது.

"மொதலாளிக்கிட்ட தாளு விசயத்தச் சொல்லீராதீக அண்ணாச்சி" என்றான்.

"அவருக்கு எதுக்கு அது. நீதான் இனி செய்யமாட்டியே" என்றேன்.

ஒயரைக் குமிழிலிருந்து கழற்றி நுனியை மடக்கிக் கட்டிவிட்டு, முள் இல்லாமலே மெதுவாகப் போனோம். இடையிடையே இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் சாதாரணமாகத்தான் இருந்தது. மிச்ச வழி அவன் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

லோடு இறக்கிய லாரியை என் ஷெட்டில் நிறுத்திக்கொண்டு சொல்லி அனுப்பியதில், மறுநாள் முதலாளி பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் குடை. மோசமான மனிதர் இல்லை. பட்டாசுக்காரர்களுக்கு எப்போதும் உள்ள பயம் அவருக்கும் இருந்தது. அதைக் கோபமாகக் காட்டிக்கொள்வார், அவ்வளவுதான். நான் மூடியைத் தூக்கிக் குழாயையும் வெந்த ஒயரையும் காட்டினேன்.

"சைலன்சர முன்னால திருப்பச் சொன்னதே நாந்தான மேஸ்திரி? பின்னால வச்சா பொறி விழாதா?"

"விழும். நீங்க செஞ்சது சரிதான். குழாய் அங்கனயே இருக்கட்டும். ஒயர்தான் வேற வழி போகணும். உங்க டிரைவர் பொய் சொல்லல. முள் நிசமாவே ஏறுச்சு. அவன் நிறுத்துனதும் நீங்க சொன்ன மாதிரிதான்."

"பொய் சொல்றான்னு நான் எங்க சொன்னேன்?" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். பிறகு டிரைவரைப் பார்த்து, "ஏலே, வண்டிய இங்கன விட்டுட்டு நீயும் கூடமாட நின்னு செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன். குமிழிலிருந்து ஒயரைக் கீழே விடாமல் மேலே தூக்கி, எஞ்சினின் மறுபக்கம், குழாயே எட்டிப் பார்க்காத பக்கம் கொண்டுபோனேன். எஞ்சின் ஆடும், உடம்புத் தகரம் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் இழுபடாமல் ஒரு வளைவு தளர்த்தி விட்டேன். தகரக் கிளிப்புகளுக்குள் தோல் துண்டு வைத்துத்தான் ஒயரைப் பிடித்தேன், தகரம் தோலை அறுக்காமல் இருக்க. குழாய்க்குக் கிட்டே வந்தே தீர வேண்டிய ஓரிடத்தில், வார்னிஷ் ஊறிய துணிக்குழலைப் போட்டு, அதன்மேல் கல்நார்க் கயிறு சுற்றி, குழாய்க்கும் ஒயருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. தடுப்பும் குழாயை ஒட்டக் கூடாது, இடையில் காற்று புகுந்து வர வேண்டும்.

"இம்புட்டுச் சுத்துறதுக்குப் பதிலா, சும்மா தள்ளி வச்சாலே போதும் போல" என்றான் அவன்.

"அதேதான். எதைச் சுத்தினாலும் ஒரு நாளைக்கு வெந்துரும். தள்ளி இருக்கது வேகாது."

சொல்லிவிட்டு எனக்கே அந்தப் பேச்சு ஒரு மாதிரி இருந்தது. தள்ளி இருப்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவன் அந்த ஊரில் யாரும் இல்லை. அவன் கவனிக்கவில்லை. கிளிப்பைப் பிடித்துக்கொண்டு, மாமியார் திரும்பி வந்துவிட்ட கதையை முழுக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

முள் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. கேட்டில் எவ்வளவு நேரம் நின்றாலும் நடுவிலேயே நின்றது. அவன் வேலை தப்பியது. சீசன் நேரம், லோடுக்கு மேல் லோடு. கூட்ஸ் ஷெட்டுக்குப் போகும்போது என் வாசலில் ஹாரன் அடிப்பான். நான் கையைத் தூக்குவேன். இறங்க அவனுக்கு நேரம் இல்லை, இறங்க ஒரு காரணமும் இல்லை. கொஞ்ச நாள் இரண்டு டம்ளர் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றை அலமாரியில் எடுத்து வைத்தேன். கோவிலில் முதல் பெஞ்சு அப்படியே இருந்தது. வத்தல் சீசன் வந்து மூக்கும் அடைத்துக்கொண்டது.

ஒரு காலைநேரம், ஹாரன் சத்தம் நிற்காமல் அடித்தது. வாசலுக்கு வந்தேன். லாரி ரோட்டில் நின்றிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவன் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு கத்தினான்.

"அண்ணாச்சி! இனிமே ரயிலுக்கு இல்ல! கூட்ஸ் ஷெட்டுல கெடந்த பெட்டியவும் திருப்பி ஏத்தியாச்சு! மொதலாளி மலை தாண்டி அனுப்புறாரு, கொல்லத்துக்கு! முள்ள நம்பி ஏத்தம் ஏறலாம்னுட்டாரு! இனி எனக்கு அந்த லைன்தான்!"

மலைப்பாதையில் ஏற்றிவிட அந்த முள்ளை நம்ப முடியாமல்தான் லாரியை இதுவரை உள்ளூரிலேயே ஓட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நேராக்கிய ஒயர் அவனை என் ரோட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போகிறது. "நல்லது, நல்லது" என்றேன். கிட்டே போய் எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பதுபோல் நின்றேன்.

"நீங்களும் வாங்களேன் அண்ணாச்சி! ரெண்டே நாள்ல திரும்பிருவோம்! மலை மேல முள்ளு எப்பிடி நிக்குன்னு நீங்களே பாருங்க! வழி பூராம் பேசிக்கிட்டே போலாம்!"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதன் என்னை, "வா" என்று கூப்பிடுகிறான் என்று நினைத்துப் பார்க்கக்கூட நான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கம் முந்திக்கொண்டது.

"வேலை கெடக்குப்பா" என்றேன்.

அவன் என் தோளுக்கு மேலாக ஷெட்டுக்குள் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான். லாரி நகர்ந்து என்னைத் தாண்டும்போது, அவன் பக்கத்து ஜன்னல் வழியே, அவனைத் தாண்டி இடது சீட்டு தெரிந்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்து வந்த, ஆணி துருத்திக்கொண்டிருந்த பலகையின்மேல் புதுச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தான். சாக்கின்மேல், துவைத்து வெளுத்த துண்டு ஒன்றை ஓரம் பார்த்து விரித்து வைத்திருந்தான்.

கூப்பிடுவதற்கு முன்பே விரித்திருக்கிறான்.

"நில்லுப்பா" என்று நான் கத்தியது எனக்கே பாதிதான் கேட்டது. அந்த எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. லாரி வத்தல் கிட்டங்கி முனையில் திரும்பி மறைந்தது. நான் ஷெட்டுக்குள் வந்தேன். அன்றைக்கு உள்ளே ஒரு வண்டிகூட நிற்கவில்லை.